சக்களத்திக்கு வந்த காய்ச்சல்

என் மனைவி பங்கஜவல்லி என் காருக்கு வைத்திருந்த பெயர் சக்களத்தி. நான் வாசலில் வண்டியைக் கழுவினால், "சக்களத்திக்குத் தீர்த்தமாடியாச்சா?" என்று கேட்பாள். எண்ணெய்க் கையோடு உள்ளே வந்தால், "இன்னைக்கு என்ன நோவாம் மகராசிக்கு?" என்பாள். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் வந்து நிற்கும். ஆனால் கல்யாணமான இருபத்து நாலு வருஷத்தில் அவளிடம் வாயைக் கொடுத்து ஜெயித்ததாக ஒரு நாள்கூட எனக்கு நினைவில்லை.

திருவள்ளூரில் நான் வைதிகம் பார்ப்பவன். எங்கள் ஊர் டாக்டர் பூவராகவன் தன் மகனோடு இருக்கப் பம்பாய்க்குக் கிளம்பியபோது, "அனந்தபத்மநாபன், நீர் ஊர் ஊரா பஸ்ஸுக்கு நின்னது போறும்" என்று தன் பழைய ஆஸ்டினை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். ஐம்பத்தொன்றாம் வருஷத்து வண்டி. கறுப்பு நிறம், உருண்டை முதுகு. பஞ்சகச்சத்தோடு நான் அதை ஓட்டிப் போவதைப் பார்த்து ஊர் சிரித்தது. சிரித்தவர்களே பிறகு "வாத்தியார் காரில் ஓர் இடம் இருக்குமா?" என்று வந்து நின்றார்கள்.

ஒன்றரை வருஷம் அது என்னிடம் மரியாதையாகத்தான் நடந்துகொண்டது. போன ஐப்பசியில் செவ்வாப்பேட்டைக்கு ஒரு முகூர்த்தத்துக்குப் போகும் வழியில் ஃபேன் பெல்ட் அறுந்தது. புகையா ஆவியா என்று தெரியாமல் இறங்கி, நடுரோட்டில் நின்று, கடைசியில் இரண்டு மைல் நடந்து போனேன். மாங்கல்யதாரணத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தேன். பிள்ளை வீட்டார் என்னைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். இருட்டும் வேளையில் பட்டினியாக வீடு திரும்பி, தலைவலியோடு சுவரில் சாய்ந்துவிட்டேன். வல்லி அன்றைக்கு ஒரு வார்த்தை கேலி பேசவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

புது பெல்ட் போட்டாகிவிட்டது. ஆனால் இரண்டு மாதம் கழித்து வண்டி மறுபடியும் கொதித்தது. தை மாதம் கொதித்தது, மாசியில் கொதித்தது. உள்ளூர் மெக்கானிக் ஒருவன் ரப்பர் ஹோஸை மாற்றினான். இன்னொருவன் "தெர்மோஸ்டாட்தான் எமன்" என்று, தண்ணீர் ஓட்டத்தை அடக்கும் அந்த வால்வைக் கழற்றி என் கையிலேயே கொடுத்துவிட்டான். பங்குனியில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தால் தண்ணீர் பழுப்பாக இருந்தது. பழைய வண்டி, துருவாக இருக்கும் என்று நினைத்தேன். முன்பக்கம் எறும்பு ஊர்ந்தது. கல்யாண வீட்டு பட்சணமெல்லாம் வண்டியில்தானே வருகிறது, எறும்புக்கு என்ன குறை என்று தட்டிவிட்டேன்.

வைகாசியில் எங்கள் பெண் ஸத்யபாமாவுக்கு எட்டாம் மாதம். மாப்பிள்ளைக்குக் கும்மிடிப்பூண்டியில் வேலை. சீமந்தம் முடிந்து பிரசவத்துக்கு அவளை அழைத்து வர வேண்டும். பஸ் குலுக்கல் கூடவே கூடாது என்று லேடி டாக்டர் சொல்லியிருந்தாள். அதனால் ஆஸ்டின்தான் போயாக வேண்டும். கிளம்பும் அன்று விடியற்காலை வல்லி வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏன்னா, ஒரு வார்த்தை. குழந்தையை வெச்சுண்டு இது வழியில கொதிச்சுதுன்னா, அப்புறம் இந்த வண்டி நம்மாத்துக்கு வேண்டாம். ஆர்.கே.பேட்டை சுப்பராயன் கேட்டுண்டே இருக்கார். குடுத்துடணும்."

சுப்பராயன் வெல்ல மண்டிக்காரர். என் வண்டியின் பின் இருக்கையைப் பிடுங்கிவிட்டு மூட்டை ஏற்றலாம் என்று வெகுநாளாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவர். அதை நினைத்தாலே எனக்கு வயிறு எரியும்.

"கொதிக்காது" என்றேன்.

"கொதிச்சா?"

"வீரராகவன் சாட்சியா குடுத்துடறேன், போறுமா?"

சொன்ன மறு நிமிஷமே நாக்கைக் கடித்துக்கொண்டேன். எங்கள் ஊர்ப் பெருமாளைச் சாட்சிக்கு இழுத்துவிட்டு நான் பின்வாங்க முடியாது.

வல்லியும் ஏறிக்கொண்டாள். போகும்போது இளங்காற்று. வண்டி பசு மாதிரி போயிற்று. திரும்பும்போதுதான் என் சாஸ்திரமே எனக்கு எதிரியானது. அன்றைக்குப் புதன்கிழமை. ராகு காலம் ஒன்றரைக்கு முடிகிறது, அதற்குப் பிறகுதான் பெண் வாசற்படி தாண்ட வேண்டும் என்று நாள் குறித்துக் கொடுத்தவனே நான். வைகாசி மாதம் ஒன்றரை மணி வெயிலை எந்த இன்ஜினும் விரும்பாது.

கவரைப்பேட்டை எல்லையில் இன்ஜின் மூடிக்கு அடியில் 'உஸ்' என்று கேட்டது. அடுத்த நிமிஷம் முன்கண்ணாடி முழுக்க ஆவி. சாலை ஓரம் லாரி ரிப்பேர் பார்க்கும் கொட்டகை ஒன்று தெரிந்தது. அது வரைக்கும் உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினேன். பின்னால் திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. ஸத்யபாமா முனகினாள். வல்லி அவளுக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

இறங்கி ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனேன்.

"தொறக்காத சாமி! மூஞ்சி வெந்துடும்!" என்று கத்திக்கொண்டே ஒருவன் ஓடி வந்தான். நாற்பது வயதிருக்கும், அரைக்கால் சட்டை, காதில் பென்சில். துளசிராமன் என்று பெயர். வந்தவன் முதலில் என் வண்டியைப் பார்க்கவில்லை, பின் இருக்கையைப் பார்த்தான்.

"இன்னா சாமி, மாசமா கீற பொண்ண வெயில்ல ஒக்கார வெச்சுக்கினு இன்ஜினப் பாக்கற? கெங்கா! கட்டில எட்த்தா, நெழல்ல போடு!"

அவன் மனைவி கெங்கம்மாள் கயிற்றுக் கட்டிலோடு வந்தாள். "வா கண்ணு, காத்தாட படு. நொங்கு கீது, துண்றியா?" என்று ஸத்யபாமாவைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனாள். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

துளசிராமன் ஈரச் சாக்கை மூடிமேல் போட்டு, இன்ஜின் ஆறும் வரை ஒரு பீடி பிடித்தான். பிறகு வேலையில் இறங்கினான். பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்த்தான், இறுக்கமாகவே இருந்தது. ஹோஸைப் பிசைந்து பார்த்தான், குறையில்லை. ஆயில் குச்சியை உருவித் துடைத்து, "தண்ணி கலக்கல, கேஸ்கெட் நல்லா கீது. பயப்படாத" என்றான். நான் ஹோஸ் மாற்றியது, தெர்மோஸ்டாட் கழற்றியது எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவன் கேட்டுவிட்டு, ரேடியேட்டரின் முகத்தில் உள்ளங்கையை வைத்து மேலிருந்து கீழாக மெதுவாகத் தடவினான். குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது போல இருந்தது.

"மேல நெருப்பா சுடுது. கீழ ஜில்லுனு கீது. உள்ள அடைச்சுக்கினு கீது சாமி. தண்ணியே எறங்கல."

"துருவா?"

"துருவுக்கு எறும்பு வருமா?"

குனிந்து பார்த்தேன். இத்தனை சூட்டிலும், ஆறிய ஓர் ஓரத்தில் சிற்றெறும்பு வரிசை கட்டியிருந்தது. துளசிராமன் கீழே இருந்த குழாயைத் திருகினான். தண்ணீர் பாயவில்லை. பழுப்பாக, கொழகொழவென்று, நூல் மாதிரி இறங்கியது. ஒரு விரலில் தொட்டு முகர்ந்தான். நான் தடுப்பதற்குள் நாக்கு நுனியில் வைத்துக் காறித் துப்பிவிட்டான்.

"அடப் பாவமே! வெல்லம் சாமி! வண்டிக்குப் பானகமா ஊத்தி வெச்சிருக்கீங்கோ?"

நான் வல்லியைப் பார்த்தேன்.

எங்கள் ஊர்க் கோயில் குளத்தைப் பற்றி வெளியூராருக்குச் சொல்ல வேண்டும். உடம்புக்கு நோவு வந்தால் அமாவாசையன்று அந்தக் குளத்தில் வெல்லம் கரைப்பதாக நேர்ந்துகொள்வார்கள். வெல்லம் கரைவது போல நோவும் கரையும் என்பது நம்பிக்கை. காய்ச்சல், கட்டி, வயிற்றுவலி எல்லாவற்றுக்கும் அதுதான் எங்கள் முதல் மருந்து.

வல்லி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். கண் நிறைந்திருந்தது. எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஐப்பசியிலிருந்து அமாவாசைதோறும் காலையில் கோயிலிலிருந்து ஒரு சொம்போடு வந்தாளே, என்னைக் கண்டதும் அதைத் தலைப்புக்குள் மறைத்தாளே, அதெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. சக்களத்தி சக்களத்தி என்று வாயாரத் திட்டிக்கொண்டே, அந்தச் சக்களத்தியின் காய்ச்சலுக்கு வேண்டுதல் செய்திருக்கிறாள். அப்படி ஒரு பிரியம் பொங்கியது எனக்கு. ரோட்டில் நின்று அழுதால் நன்றாக இருக்காதே என்று வண்டிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"நான்தான் விட்டேன்" என்றேன் துளசிராமனிடம். "கோயில் தீர்த்தம், நல்லதாச்சேன்னு..."

அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "இன்னா சாமி நீ! இவ்ளோ வேதம் படிச்சுட்டு ரேடியேட்டருக்கு நைவேத்தியம் பண்ணிக்கீறியே! இத்த நான் யார்கிட்ட சொல்லுவேன்!"

சிரிக்கட்டும் என்று நின்றேன். வல்லி பேசாமல் இருந்திருந்தால் அத்தோடு போயிருக்கும். வண்டி கொதித்தாகிவிட்டது, நான் வாக்கு கொடுத்தாகிவிட்டது. சக்களத்தி தொலைந்தாள் என்று அவள் நிம்மதியாக வீடு திரும்பியிருக்கலாம்.

"அவர் இல்லைப்பா" என்றாள். "அவருக்கு ஒண்ணும் தெரியாது. நான்தான் விட்டேன். ஏழு அமாவாசை. குளத்துல கரைச்சா மட்டும் போறாதுன்னு, அந்தத் தீர்த்தத்துலயே ஒரு அச்சு வெல்லத்தைக் கரைச்சு, நோவு வந்த உடம்புக்குள்ள போகட்டும்னு விட்டேன்."

துளசிராமன் சட்டென்று சிரிப்பை நிறுத்திவிட்டான். "அட, நீயாம்மா? நல்ல மனசோட ஊத்தின. இன்ஜினுக்கு அது தெரிலம்மா, அவ்ளோதான். சுடுதண்ணி ஊத்தினா வெல்லம் கரைஞ்சுடும். கெங்கா, அண்டால தண்ணி வையி!"

கெங்கம்மாளின் அடுப்பில் அண்டா அண்டாவாக வெந்நீர் கொதித்தது. துளசிராமன் ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டு, குழாயைத் திறந்து வடித்தான். முதல் தடவை பாகு. இரண்டாவது தடவை காபி. ஒவ்வொரு வடிப்புக்கும் வல்லி குனிந்து நிறம் பார்த்தாள். ஆறாவது தடவை தண்ணீர் தண்ணீராக வந்தபோது அவளும் அவனும் சேர்ந்து "ஆச்சு!" என்றார்கள். அவன் மறுபடி உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு என் கையையும் பிடித்து வைத்தான். மேலேயும் கீழேயும் ஒரே சூடு.

ஸத்யபாமா அதற்குள் நான்கு நுங்கு சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டு எழுந்திருந்தாள்.

பெரியபாளையம் சாலையில் வெயில் தாழ்ந்தது. வண்டி சத்தமில்லாமல் ஓடியது. பெண் மறுபடி கண்ணயர்ந்ததும் கேட்டேன்.

"ஏண்டி, உனக்குத்தான் இதைக் கண்டாலே ஆகாதே?"

"அதுக்காகவா பண்ணினேன்? அது நின்னா நீங்களும் வெயில்ல நிக்கறேள். அன்னைக்குச் செவ்வாப்பேட்டையிலேர்ந்து வந்தேளே, அந்த முகத்தை என்னால பார்க்க முடியலை." பெண்ணின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, "ஏழு அமாவாசை கேட்டும் பெருமாள் காது குடுக்கலையே, அப்ப இது நமக்கு ஒட்டாதாக்கும்னுதான் விக்கச் சொன்னேன்" என்றாள்.

சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைச் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திய பிறகுதான் வாயைத் திறந்தேன்.

"வழியில கொதிச்சது கொதிச்சதுதான். பெருமாளைச் சாட்சி வெச்சிருக்கேன். நாளைக்குச் சுப்பராயனுக்குச் சொல்லி அனுப்பறேன்."

வல்லி காதில் வாங்காதது போல இறங்கி உள்ளே போனாள். ஆரத்தித் தட்டோடு வந்தாள். பெண்ணை நிறுத்திச் சுற்றி, நெற்றியில் சிவப்புப் பொட்டு வைத்தாள். வழக்கப்படி மிச்சத்தைத் தெருவில் கொட்ட வேண்டும். கொட்டவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் போய் நின்று, மூன்று சுற்று சுற்றினாள். விரலைத் தோய்த்து, ரேடியேட்டர் மூடிக்கு நேர் கீழே அதன் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தாள்.

"கொதிச்சது அவ இல்லை, நான் விட்ட வெல்லம். அது பெருமாளுக்குத் தெரியும்" என்றாள். பிறகு மிச்ச ஆரத்தியைத் தெருவில் கொட்டிவிட்டு, காலித் தட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். "பார்த்துக்கோங்கோ. ஒரு சொட்டு உள்ள விடலை."