வயர்லெஸ்ஸில் ஒரு சிறுத்தை

அடைமழைக் காலத்தில் மிருகம் பார்க்க மாரா காட்டுக்கு எந்தப் பயணி வருவான்? மற்ற டிரைவர்கள் எல்லாம் ஊருக்குப் போய்விட்டார்கள். ஓடாமல் கிடந்தால் வண்டி கெட்டுப்போகும் என்று முதலாளி சொன்னதால், லெமாயன் மட்டும் தினமும் காலி ஜீப்பைக் காட்டுக்குள் ஒரு சுற்று ஓட்டிவந்தான். பேச்சுத்துணைக்கு வைப்பர்தான்.

அன்று மதியம் அத்திமரக் கிளையில் ஒரு சிறுத்தை, இரண்டு குட்டிகளோடு படுத்திருந்தது. பதினெட்டு வருஷத்தில் அவன் இப்படிப் பார்த்ததில்லை. "அதோ, வலதுபக்கக் கிளை!" என்று கையை நீட்டித் திரும்பினான். பின்னால் ஏழு காலி சீட்டு.

பாழாய்ப்போன பழக்கம். வயர்லெஸ்ஸை எடுத்தான். சீசனில் இந்த ஒரு வார்த்தைக்கு இருபது வண்டி பறந்து வரும்.

"ஆத்தங்கரை அத்திமரம். சிறுத்தை, ரெண்டு குட்டி."

நுழைவாயிலில் டிக்கெட் கிழிக்கும் நசியெகுவின் குரல் மட்டும் வந்தது. "யாரைண்ணே கூப்பிடறே? உள்ள இருக்கறது நீ ஒருத்தன்தான். உனக்கே நீ வழி சொல்லிக்கறியா?"

"சும்மாதான் சொன்னேன். நீ வேலையைப் பாரு."

"எனக்கென்ன வேலை? பதினோரு வருஷமா இந்தக் கேட்டைத் தூக்கி விடறேன், ஒரு சிறுத்தையைக் கண்ணால பார்த்ததில்ல. வெச்சுடாதண்ணே. அது என்ன பண்ணுதுன்னு சொல்லு."

அவன் நிமிர்ந்து பார்த்தான். பேசிக்கொண்டிருந்த நேரத்தில் தாயும் குட்டிகளும் இறங்கிப் புதருக்குள் போய்விட்டிருந்தன. கிளை மட்டும் மழையில் நனைந்துகொண்டிருந்தது.

லெமாயன் எஞ்சினை அணைத்தான்.

"தாய் கொட்டாவி விடுது," என்றான். "ஒரு குட்டி அதோட வாலைப் பிடிச்சு இழுக்குது."