மறுப்பு இல்லை

அலுவலகத்தில் நான் செய்யும் வேலையை என் அம்மாவுக்கு ஒருமுறை விளக்கப் பார்த்தேன். எங்கள் கணினிக்கு வரும் ஒவ்வொரு கோரிக்கையையும் கேட்வே என்ற வாசல்காவல் நிரல் நிறுத்தும், வெளியாட்கள் எழுதிய பிளக்இன்கள் என்ற துணை நிரல்களிடம் "இதை விடலாமா?" என்று கேட்கும், அவை பதில் சொன்ன பிறகுதான் உள்ளே அனுப்பும். கேட்பவர் எப்படிக் கேட்க வேண்டும், சொல்பவர் எப்படிச் சொல்ல வேண்டும் என்று விதிகள் எழுதுவது என் வேலை. அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, "அதுங்க ரெண்டும் பேசிக்கிறதுக்கு நடுவுல உனக்கு என்னடி வேலை?" என்றாள்.

அந்த வெளியாட்களில் ஒருவர் என் கணவர். வேலை போன பிறகு வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து ஒரு பிளக்இன் எழுதினார். மோசடிக் கோரிக்கைகளைக் கண்டுபிடிப்பது அது. எங்கள் கம்பெனி அதைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டதும் என் மேலாளர் என்னைக் கூப்பிட்டார். எதற்கெடுத்தாலும் விதியைத் தூக்கிக் காட்டுவதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'சட்டம்'.

"வீட்ல இதைப் பத்தி ஒரு வார்த்தை பேசக்கூடாது. அவரு எது கேக்கணும்னாலும் எல்லாரும் பார்க்கிற மெயில்ல கேக்கட்டும். நாளைக்கு ஒருத்தன் விரலை நீட்டக்கூடாது பாருங்க."

நியாயம்தான். அன்றிலிருந்து என் கணவர் பின்னறையில் இருந்துகொண்டு "மதிப்பிற்குரிய குழுவினருக்கு" என்று எழுதுவார். நான் கூடத்தில் இருந்துகொண்டு "தங்கள் மடல் கிடைத்தது" என்று பதில் போடுவேன். நடுவில் ஒரே ஒரு சுவர். ஆரம்பத்தில் சிரிப்பாகத்தான் இருந்தது. போகப் போக மற்ற பேச்சும் குறைந்துவிட்டது. மகளுக்குக் காய்ச்சல் என்றால் பேசுவோம், பால் தீர்ந்தால் பேசுவோம். அதற்கு மேல் பேச இரண்டு பேர் உடம்பிலும் சத்து இல்லை.

விதிகளில் மூன்று பதில்கள் வைத்திருந்தேன்: விடு, நிறுத்து, பொறு. 'பொறு' என்று வந்தால் பிளக்இன் இன்னும் யோசிக்கிறது, கேட்வே காத்திருக்க வேண்டும் என்று அர்த்தம். அவருடைய பிளக்இன் அவரைப் போலவேதான். எதையும் நாலு பக்கம் புரட்டிப் பார்க்காமல் வாயைத் திறக்காது. 'பொறு' இல்லாவிட்டால் அதற்குப் பிழைப்பில்லை. பிளக்இன் எடுபடாமல் போனால் வேறு ஊரில் அவருக்கு வந்திருக்கும் வேலையை ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். அங்கே இந்த வாரமே முடிவு கேட்டிருந்தார்கள். பக்கத்து ஊர் இல்லை. வருஷத்துக்கு ஒரு தரம் வந்துபோனாலே பெரிய விஷயம்.

சோதனையில் கோரிக்கைகளின் கூட்டம் ஏறியதும் 'பொறு' எங்கள் கழுத்தை அறுத்தது. ஒரு பிளக்இன் பொறு என்றால் அதன் பின்னால் வந்த அத்தனை கோரிக்கைகளும் வரிசையில் சிக்கின. கடைசியில் கேட்வேயே படுத்துவிட்டது. "எடுத்துடுங்க" என்றார் சட்டம். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. தப்பு என்று தெரிந்ததைத் தாங்கிப்பிடிக்க எனக்கு மனசு வராது, கட்டினவர் பிழைப்பே ஆனாலும்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. செய்யப்போகும் மாற்றத்தை மெயிலில் போடுவோம். வெள்ளிக்கிழமை மாலைக்குள் யாரும் மறுக்காவிட்டால் அது நிறைவேறிவிடும். பிளக்இன் எழுதுபவர்களில் ஒருவர் "எனக்கு மறுப்பு உண்டு" என்று ஒரு வரி எழுதினால் போதும், ஒரு மாதம் விவாதம் நடக்கும். அந்த ஒரு மாதம்தான் எனக்கு வேண்டியிருந்தது. அதற்குள் அவர் தன் பிளக்இனை வேகப்படுத்திவிடலாம். அந்த ஊர் வேலையும் வேறு யாருக்காவது போய்விடும். அவர் எப்படியும் எழுதுவார் என்று நம்பி, 'பொறு'வை நீக்கச் சொல்லும் மடலை ஒளிவுமறைவு இல்லாமல் எழுதினேன். காரணங்களில் ஒன்றைக்கூட விடவில்லை.

வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்தே வேலை பார்த்தேன். வேலை எங்கே பார்த்தேன், மெயிலைத்தான் பார்த்தேன். பின்னறையில் நாற்காலி கிரீச்சிடும்போதெல்லாம் எழுதுகிறார் என்று நினைத்தேன். எழுந்து போய், "எழுதித் தொலைங்களேன்" என்று கத்தியிருக்கலாம். விதி, ரோஷம், அலுப்பு எல்லாம் சேர்ந்து என்னை அங்கேயே உட்காரவைத்தன. மாலையில் சட்டத்திடமிருந்து மெயில் வந்தது: "மறுப்பு இல்லை. நிறைவேறியது."

பின்னறைக்குப் போனேன்.

"ஏன் எழுதலை?"

அவர் லேப்டாப்பை மூடினார். "இப்போ பேசலாமா?"

"இப்போ பேச என்ன இருக்கு? ஒரு வரி எழுத முடியலையா உங்களால?"

"என்னத்தை எழுதறது? நீ எழுதினதுல ஒரு தப்புகூட இல்லை."

"தப்பு இல்லைன்னா என்ன? மறுப்புன்னு போட்டா யாரு உங்களை அடிக்கப் போறாங்க?"

கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். "திரும்பத் திரும்பப் படிச்சேன். அங்கே முடிவு கேட்டிருக்காங்கன்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சும் நீ இவ்வளவு தெளிவா எழுதியிருக்கேன்னா, நான் போனா தேவலைன்னு நீ நெனைக்கிறேன்னு தோணுச்சு. நேர்ல சொல்ல உனக்குக் கஷ்டமா இருக்கும், அதான் நீ இப்படிச் சொல்றேன்னு நெனைச்சேன்."

"அது ஆபீஸ் மெயிலுங்க!"

"நாம பேசிக்கிறதே அதுலதானே."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. "போகாதீங்க," என்றேன். "நீங்க மறுப்பீங்கன்னு நம்பித்தான் எழுதினேன். எனக்கு நீங்க இங்கே இருக்கணும்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "மத்தியானமே அங்கே வரேன்னு சொல்லிட்டேன்."

"மாத்திச் சொல்லுங்க."

"சொல்லலாம். சொல்லிட்டு இங்கே என்ன பண்றது?"

பக்கத்தில் உட்கார்ந்தேன். மகள் விளையாடிவிட்டு வரும்வரை பேசினோம். இத்தனை மாதம் பேசாததையெல்லாம் பேசினோம். 'பொறு' இல்லாமல் அந்தப் பிளக்இனை ஓடவைக்க வழி இருக்கிறதா என்று இரண்டு பேரும் தலையை உடைத்துக்கொண்டோம். அவர் சொன்ன ஒவ்வொரு வழியிலும் எங்கே இடிக்கும் என்று எனக்கு உடனே தெரிந்தது, தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கடைசியில் அவர் கேட்டார்: "அப்போ என்ன பண்ணட்டும், நீயே சொல்லு."

"போயிட்டு வாங்க," என்றேன். சொல்லிவிட்டு அழுதேன்.