ஈர்க்கில் குத்திய மிளகாய்

கீழ்வீட்டு இந்தோனேசியாக்காரி சுலாஸ்திரி கலியாணப் பெண்ணின் பெயரைக் கேட்டபோது பிளோறன்ஸ் ஒன்றும் நினைக்கவில்லை. மாப்பிள்ளையின் பெயரைக் கேட்டபோதும் அக்கம்பக்கத்து விசாரிப்பு என்று விட்டுவிட்டாள். பிறகு ஒருநாள் படிக்கட்டில் நின்றபடி, "உங்களுடைய பெயர் என்ன? அழைப்புமணியில் குடும்பப் பெயர் மட்டும்தான் இருக்கிறது" என்று பெண்ணைப் பெற்றவளின் பெயரையும் கேட்டாளே, அப்போதுதான் பிளோறன்ஸுக்குப் பொறி தட்டியது.

பெண்ணின் பெயர், மாப்பிள்ளையின் பெயர், தாயின் பெயர். இந்த மூன்றையும் ஒருத்தி எதற்காகச் சேர்ப்பாள் என்று மன்னாரில் பிறந்து வளர்ந்தவளுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. செய்வினை செய்கிறவன் முதலில் கேட்பதே இதைத்தான். பிளோறன்ஸ் லேசுப்பட்டவள் அல்ல. கண்ணை இமைக்காமல், "பிறேமா" என்றாள்.

பிறேமா அவளுடைய மச்சாள், புருஷனின் தங்கை. வருகிற வினை எங்கேயாவது விழுந்துதான் தீரும் என்றால், அது பிறேமாவின் தலையில் விழுவதில் யாருக்கும் நட்டமில்லை என்று பிளோறன்ஸ் நினைத்தாள். பெண் போகிற காரில் தனக்கும் ஓர் இடம் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று, அந்த இடத்தைப் பிடித்தும் விட்டவள் அந்தப் பிறேமா.

பிளோறன்ஸைச் சும்மா குறைசொல்லவும் கூடாது. மகள் லவினியாவுக்கு இதற்கு முன் இரண்டு கலியாணப் பேச்சு வந்து, இரண்டும் கடைசி நேரத்தில் குழம்பிப் போயிருந்தன. ஒன்று மோதிரம் மாற்றிய பிறகு. தாய்க்காரி அழுது ஓய்ந்து, யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்ற முடிவுக்கு வந்தாள். இப்போது எர்லாங்கன் நகரத்தில் வேலை செய்கிற ஜெனிஸ்டன் கிடைத்திருக்கிறான். நல்ல பெடியன், லவினியா தானே தேடிக்கொண்டவன். இந்தக் கலியாணமும் குழம்பினால் தன் பிள்ளை இனி ஒருவரையும் ஏறிட்டுப் பார்க்கமாட்டாள் என்று பிளோறன்ஸ் நிச்சயமாக நம்பினாள். அந்தப் பயத்தில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கலியாணம் அவர்கள் குடியிருந்த ஜெர்மனியின் பான் நகரத்துக் கத்தோலிக்கக் கோயிலில். அதற்குப் பிறகு விருந்தைப் பெரிய மண்டபத்தில் வைக்கத் தாய்க்கு ஆசை. லவினியாவோ வீட்டுக்குப் பின்னாலுள்ள பொதுத் தோட்டத்தில், ஆப்பிள் மரத்தின்கீழ், நெருங்கிய சனத்தோடு சாப்பிட்டால் போதும் என்று பிடிவாதமாக நின்றாள். தோட்டம் கீழ்வீட்டின் சமையலறைக் கதவுக்கு முன்னால்தான் விரிந்து கிடந்தது.

"உவள் சரியான முஸ்லிமும் இல்லையப்பா," என்று பிளோறன்ஸ் புருஷன் ஜேசுரட்ணத்திடம் சொன்னாள். "மன்னாரில எங்களுக்குப் பக்கத்தில இருந்தது முழுக்க முஸ்லிம் சனம்தானே. எனக்குத் தெரியாதே? ஆரும் சோத்தைக் கோபுரம் மாதிரிக் குவிச்சு, சுத்திவரப் பூவும் முட்டையும் வச்சுக்கொண்டு வாறேல்லை."

"எந்தச் சோறு?"

"கலியாணத் திகதி குறிச்ச கிழமை கொண்டுவந்து தந்தாளே, மஞ்சள் சோறு. நீங்கள் வேலைக்குப் போயிட்டீங்கள்."

"ருசியா இருந்ததோ?"

"நான் ஏன் தின்னுறன்? அப்பிடியே குப்பையில கொட்டிட்டன்."

ஜேசுரட்ணம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீர் பொலிசில சேர்ந்திருக்க வேண்டிய ஆள்," என்றார். "ஆளைப் பிடிச்சுப் போட்டுத்தான் குற்றத்தைத் தேடுறீர்."

ஆனால் சந்தேகம் ஒருமுறை மனத்தில் புகுந்தால் கண்ணில் படுவதெல்லாம் சாட்சியாகிவிடும். சுலாஸ்திரி தோட்டத்தின் நடுவில் நின்று வானத்தை அண்ணாந்து பார்த்து முணுமுணுத்தாள். அதுவும் ஒரு சாட்சி. லவினியாவும் அவளும் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள், தாயைக் கண்டதும் நிறுத்தினார்கள். தலையில் முக்காடு, ஐந்து வேளைத் தொழுகை, வாயைத் திறந்தால் அல்லாவின் பெயர். எல்லாம் சரி. அப்படியானால் அவளுடைய பல்கனியில் தொங்குகிற பொம்மலாட்டத் தோல்பாவை பீமனுடையது என்கிறாளே, அது எந்த வேதத்தில் சேர்த்தி?

பிளோறன்ஸ் கழுத்தில் சிலுவை பதித்த தாலி தொங்கியது. லவினியாவின் நிச்சயதார்த்தத்தன்று அவள் செத்தல் மிளகாயும் உப்பும் கையில் பொத்தி, அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டே மகளின் தலையைச் சுற்றி, அடுப்பில் போட்டு நாவூறு கழித்தாள். புகையில் அலாரம் அலறி, தீயணைப்புப் படையே வந்து படியேறியது. அது எந்த வேதத்தில் சேர்த்தி என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கேட்டவர் பாடு திண்டாட்டம்தான்.

கலியாணத்துக்கு முதல் நாள் பின்னேரம், மேசைகள் போடுமிடத்தைப் பார்க்கப் பிளோறன்ஸ் தோட்டத்துக்கு இறங்கினாள். ஆப்பிள் மரத்தடியில் புல்லுக்குள் ஏதோ சிவப்பாகத் தெரிந்தது. குனிந்து பார்த்தாள்.

ஓர் ஈர்க்கு. விளக்குமாற்றிலிருந்து உருவிய தென்னை ஈர்க்கு. அதில் கீழே ஒரு சிவப்பு மிளகாய், நடுவில் சின்ன வெங்காயம், மேலே மீண்டும் ஒரு மிளகாய். மண்ணில் நேராகக் குத்தி நிறுத்தப்பட்டிருந்தது.

பிளோறன்ஸ் வேலியோரமாகத் தோட்டத்தைச் சுற்றினாள். மரம் நின்ற மூலையோடு நான்கு மூலையிலும் ஒவ்வொன்று. ஊரிலிருந்து வந்த ஈர்க்கு விளக்குமாறு இந்தத் தெருவிலேயே ஒரு வீட்டில்தான் உண்டு. சுலாஸ்திரியின் சமையலறைக் கதவில் அது தொங்குவதைப் பார்த்து, தனக்கும் ஒன்று இருந்தால் நல்லது என்று பிளோறன்ஸே முன்பு ஆசைப்பட்டிருக்கிறாள்.

பயம் பாதி, ஆத்திரம் பாதி. கெவலார் மாதா கோயிலிலிருந்து கொண்டுவந்த தீர்த்தப் போத்தலை எடுத்து வந்து நான்கு மூலைக்கும் தெளித்தாள். ஈர்க்குகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். எரிக்கத்தான் மனம் சொன்னது. தீயணைப்புப் படையின் ஞாபகம் வந்து அதைக் கைவிட்டாள். கையிலிருந்த ஈர்க்குகளோடு நேரே போய்க் கீழ்வீட்டுக் கதவைத் தட்டினாள்.

சுலாஸ்திரி சிரித்த முகத்தோடு திறந்தாள். ஈர்க்குகளைக் கண்டதும் சிரிப்பு நின்றது.

இருவருக்கும் பொதுவான மொழி டொச், அதாவது ஜெர்மன்தான். பிளோறன்ஸ் முதியோர் இல்லத்துச் சமையலறையில் கற்ற டொச் கோபத்தில் நன்றாகவே ஓடியது. "நாளைக்கு நீங்கள் வர வேண்டாம். கோயிலுக்கும் வர வேண்டாம், சாப்பாட்டுக்கும் வர வேண்டாம்."

"திருமதி ஜேசுரட்ணம், அது மழை..."

"ஒன்றும் சொல்ல வேண்டாம். எனக்கு இதெல்லாம் தெரியும். என் பிள்ளையை விட்டுவிடுங்கள்."

"சரி" என்று மெதுவாகச் சொல்லிச் சுலாஸ்திரி கதவைச் சாத்தினாள். திருடி கையும் களவுமாகப் பிடிபட்டால் இப்படித்தான் அடங்கிப் போவாள் என்று பிளோறன்ஸ் தனக்குள் சொல்லிக்கொண்டு, ஈர்க்குகளைப் பச்சைக் குப்பைத் தொட்டிக்குள் வீசிவிட்டு மேலே ஏறினாள். அன்றைக்குத்தான் அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.

கலியாணத்தன்று காலையில் வானம் இருண்டுபோய்க் கிடந்தது. லவினியாவுக்குத் தலைமுடி பின்னி முடித்து, வெள்ளைச் சேலைக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தார்கள். யன்னலால் எட்டிப் பார்த்த லவினியா திடுக்கிட்டாள்.

"அம்மா, தோட்டத்தில நிண்ட ஈர்க்கெல்லாம் எங்கை?"

பிளோறன்ஸின் கையிலிருந்த ஊசி நழுவி விழுந்தது. "உனக்கு உது தெரியுமோ?"

"நான்தானே வைக்கச் சொன்னனான்!"

"நீயோ? என்னடி சொல்லுறாய்?"

"மழை வருமெண்டு போனில காட்டினது. நான் பயந்துபோய் அவவிட்டைச் சொன்னனான். அவவின்ரை ஊரில கலியாணவீட்டுக்கு மழை வராமல் இருக்க இப்பிடித்தான் குத்துறவையாம். அவவின்ரை அம்மா பிள்ளையளுக்குக் குர்ஆன் சொல்லிக் குடுக்கிற ஆள். அவவும் ஓதிப்போட்டு இதைத்தான் குத்துவாவாம்." லவினியாவின் குரல் உடைந்தது. "இஞ்சை பள்ளிவாசலில சிலபேர் இது கூடாதெண்டு சொல்லுகினமாம். அதுக்கு அவ, நான் கேக்கிறது அல்லாவிட்டை, மிளகாய் எங்கட மண்ணின்ரை பழக்கம், மிளகாயை நான் கும்பிடேல்லையே எண்டு சிரிச்சவ. உங்களுக்குச் சொன்னால் பேசுவியளெண்டு நான்தான் சொல்ல வேண்டாமெண்டனான்."

"பேர் ஏன் கேட்டவள்?"

"ஓதேக்கை பேர் சொல்லி ஓத வேணுமாம். பெத்த தாயின்ரை பேரோட."

பிளோறன்ஸ் கட்டிலில் உட்கார்ந்தாள். "அந்த மஞ்சள் சோறு?"

"திகதி குறிச்ச சந்தோசத்துக்கு அவ எனக்காகச் சமைச்சது. சாமத்தியம், கலியாணம், பிள்ளைப்பேறு, எல்லாத்துக்கும் அவை அப்பிடிச் சமைச்சுத் துவா ஓதிப்போட்டு அயலுக்குக் குடுக்கிறவை. அயலுக்குக் குடுக்காமல் தாங்கள் தின்னக்கூடாதாம். நல்லா இருந்ததெண்டு நீங்கள் சொன்னதாச் சொல்லிவிட்டனான். ஏன், நல்லாத்தானே இருந்தது?"

பிளோறன்ஸுக்கு வெட்கம் காதுவரை ஏறிச் சுட்டது. எழுந்தாள். பட்டுச்சேலையின் கொய்யகத்தை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு படியிறங்கி, பச்சைத் தொட்டியின் மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டாள். காருக்குப் பூக்கட்டிக்கொண்டிருந்த ஜேசுரட்ணம் அப்படியே நின்றுவிட்டார்.

"இஞ்சாரும், உமக்கென்ன விசரே? கலியாணவீட்டில நிண்டு குப்பை கிண்டுறீர்!"

"நீங்கள் உங்கட வேலையைப் பாருங்கோ," என்றாள் பிளோறன்ஸ் தொட்டிக்குள்ளிருந்து.

ஈர்க்குகள் கிடைத்தன. ஒன்றில் மிளகாய் கழன்று போயிருந்தது. வாழைப்பழத் தோலும் தேயிலைச் சக்கையும் ஒட்டியிருந்தவற்றை முந்தானையாலேயே துடைத்தாள். அந்தச் சேலைக்காகப் பாரிஸ்வரை போய்க் கடைகடையாக ஏறி இறங்கியவள் அவள்.

கதவைத் தட்டியபோது சுலாஸ்திரி தொழுகை உடையோடு வந்தாள். கால்வரை வெள்ளை, கையில் தஸ்பீஹ் மணி. அவளுக்குப் பின்னால் அறைக்கதவில் பச்சை நிறச் சட்டையும் பூப்போட்ட கைத்தறிக் கைலியும் மடிப்புக் குலையாமல் தொங்கின. கலியாணத்துக்கென்று முன்கூட்டியே இஸ்திரி போட்டு வைத்தவை.

"இதை எப்படிக் குத்துவது?" என்று ஈர்க்குகளை நீட்டினாள். "மேலே மிளகாயா, வெங்காயமா?"

சுலாஸ்திரி அவளையும் குப்பை படிந்த சேலையையும் மாறிமாறிப் பார்த்தாள். "மிளகாய்," என்றாள். சமையலறைக்குள் போய்ப் புது மிளகாய் ஒன்றை எடுத்து வந்து, கழன்ற இடத்தில் குத்திக் கொடுத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

இருவரும் மூலை மூலையாகப் போனார்கள். சுலாஸ்திரி ஓத, பிளோறன்ஸ் குத்தினாள். ஓதி முடிக்குமட்டும் அவளும் தன் பங்குக்கு அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டாள். சும்மா நிற்க வாய் விடவில்லை. மேகம் ஆப்பிள் மரத்துக்கு மேலேயே இறங்கி நின்றது. கடைசி மூலைக்கு வந்தபோது சுலாஸ்திரியின் உதட்டில் லவினியாவின் பெயர் வந்து போனதைக் கண்ட பிளோறன்ஸுக்கு இடி விழுந்தாற்போல் ஒன்று ஞாபகம் வந்தது.

"பொறுங்கள்," என்று அவள் கையைப் பிடித்தாள். "ஒரு பிழை இருக்கிறது. தாயின் பெயர் பிழை. நான் உங்களுக்குப் பொய் சொன்னேன். என் பெயர் பிறேமா இல்லை."

"தெரியும்," என்றாள் சுலாஸ்திரி. "பிளோறன்ஸ். லவினியா அன்றைக்கே சொல்லிவிட்டாள்."

"பிறகு ஏன் கேட்கவில்லை?"

"நீங்கள் ஒரு பெயரைச் சொன்னீர்கள். அவரும் உங்களுக்கு வேண்டிய ஒருவராகத்தான் இருப்பார் என்று நினைத்தேன்." சுலாஸ்திரி மண் ஒட்டிய விரல்களைத் தட்டிக்கொண்டாள். "அதனால் ஒவ்வொரு நாளும் உங்கள் இரண்டு பேருக்குமாகத்தான் ஓதினேன். நேற்றைக்கும் ஓதினேன்."

நேற்றைக்கும். வர வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லிக் கதவைச் சாத்த வைத்த நேற்றைக்கும். பிளோறன்ஸுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பூசிய பவுடர், இட்ட மை எல்லாம் போயிற்று. ஓர் ஆண்டாக "நீங்கள்" போட்டே எட்ட நிறுத்திப் பேசியவள், அந்த ஈர்க்குக்குப் பக்கத்தில் நின்றபடி முதல்தடவையாக அவளை "நீ" என்றாள்.

"ஓடிப்போய் உடுத்திக்கொண்டு வா. கார் வெளிக்கிடப் போகிறது. நீ எங்களோடு காரில் வருகிறாய்."

"காரில் இடம் இருக்கிறதா?"

பிளோறன்ஸ் வாசல்பக்கம் பார்த்தாள். பிறேமா ஏற்கெனவே கலியாணக் காரில் ஏறி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, அசையமாட்டேன் என்பதுபோல் உட்கார்ந்திருந்தாள்.

"இருக்கிறது," என்றாள் பிளோறன்ஸ், முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "அவளுக்குத்தான் நீ இவ்வளவு நாளும் ஓதியிருக்கிறாயே. அவள் ட்ராமில் வரட்டும்."