ஒரே லைனில் எத்தனை காது

திண்டிவனம் ரோட்டு மண்டியில் நான் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, எடை போட்டுக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் விளையாடிய என் இரண்டு வயது மகள் இருதயமேரியின் தொண்டையில் மல்லாட்டைப் பருப்பு சிக்கிவிட்டது. மூச்சு விசிலடித்தது. முதலாளியின் போனை எடுத்து விழுப்புரம் டாக்டரைக் கூப்பிட்டேன்.

டாக்டருக்கும் வழியிலுள்ள மண்டிகளுக்கும் மில்லுக்கும் சேர்த்து ஒரே லைன்; யார் போனை எடுத்தாலும் எல்லார் பேச்சும் கேட்கும், எடுப்பவர்கள் கூடக்கூடக் குரல் தேயும். அவசரம் என்றால் மற்றவர்கள் பேச்சை நிறுத்தவேண்டும் என்பது சட்டம். அவசரம் என்று கத்தியதும் விலை பேசிக்கொண்டிருந்தவர்கள் உடனே நிறுத்தினார்கள். ஆனால் ஒருத்தரும் போனை வைக்கவில்லை. அத்தனை பேர் காது கொடுத்ததில் டாக்டர் குரல் தேய்ந்துபோனது.

"வச்சித் தொலைங்கய்யா! டாக்டர் பேசறது காதுல வுழல!"

டக், டக்கென்று வைத்தார்கள். மில்காரர் மனைவி செபஸ்தியம்மாள் மட்டும் போனை வைக்காமல் ஜெபமாலையை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, சாமிக்குப் போன் வேணாம். வச்சிட்டு வேண்டிக்கங்க!"

வைத்தார். டாக்டர் குரல் கணீரென்று வந்தது.

"தலைகீழா புடிச்சி முதுகுல தட்டுய்யா!"

தட்டினேன். மறுபடியும் ஓங்கித் தட்டினேன். பருப்பு தெறித்து விழுந்தது. மகள் வீறிட்டு அழுதாள்.

பருப்பு வந்துவிட்டதைச் சொல்லலாமென்று போனை எடுத்தால் டாக்டர் குரல் மறுபடியும் தேய்ந்திருந்தது. இந்த முறை நான் திட்டவில்லை. எல்லாரும் கேட்கட்டுமென்று, அழுகிற மகளின் வாய்க்கு நேராகப் போனைப் பிடித்தேன்.