நாற்பத்தொன்பதாம் நம்பர் கால்

எங்கார்னாவின் வீட்டில் சிகரெட் பிடிக்கலாம், கடவுள் இல்லை என்று வாதாடலாம், அவள் கணவன் ஃபௌஸ்தினோவைப்போல ரொட்டியைச் சூப்பில் முக்கி உறிஞ்சியும் தின்னலாம். வெறுங்காலோடு தரையில் நடப்பது மட்டும் ஆகாது. ஸ்பெயினிலுள்ள அவள் ஊரான சோரியாவின் ஜனவரிக் குளிர் வானத்திலிருந்து வருவதில்லை, டைல்ஸ் தரையிலிருந்து வருகிறது என்பது அவள் கட்சி. உள்ளங்கால் வழியாக ஏறும், முழங்காலில் ஒரு நாள் தங்கும், சிறுநீரகத்தை விசாரித்துவிட்டு நெஞ்சுக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். அதற்கப்புறம் பாதிரியாருக்குத்தான் சொல்லி அனுப்ப வேண்டும்.

போன வருஷம் கிட்டத்தட்ட அதுதான் நடந்தது. மொழி படிக்க வந்து அவள் வீட்டில் தங்கிய அமெரிக்கப் பெண் மூன்று நாள் வெறுங்காலோடு திரிந்தாள். நாலாம் நாள் காய்ச்சல். மொழிப் பள்ளியிலிருந்து பெகோன்யா வந்தாள். மாணவர்களை வீடுகளில் சேர்த்துவிட்டு, முதல் வாரக் கடைசியில் வந்து எட்டிப் பார்ப்பது அவள் வேலை. பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள், பெண்ணைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போய் மூன்றாம் மாடி மாரிபெல் வீட்டில் விட்டுவிட்டாள். அன்றிலிருந்து மாரிபெல்லை லிஃப்டில் பார்த்தால் போதும், எங்கார்னாவுக்கு ஒரு செய்தி காத்திருக்கும். "பொண்ணுக்கு ரெண்டு கிலோ ஏறிடுச்சு எங்கார்னா! கன்னத்த வந்து பாரேன், ஆப்பிளாட்டம்!" எங்கார்னா அதற்கப்புறம் மாடிப்படியில்தான் ஏறி இறங்கினாள்.

இந்த வருஷம் பெகோன்யா போனிலேயே கறாராகச் சொல்லிவிட்டாள். "இதான் கடைசித் தடவ. சனிக்கிழமை பன்னெண்டு மணிக்கு வருவேன். வீட்டுல சீக்குன்னு ஏதாச்சும் இருந்துச்சு, பையனக் கூட்டிட்டுப் போயிருவேன். பட்டியல்லேர்ந்து உங்க பேரையும் எடுத்துருவேன்."

எங்கார்னா போனை வைத்துவிட்டு, காலியாகக் கிடந்த அறையைப் போய் எட்டிப் பார்த்தாள். மகன் ரூபேன் வேலைக்கென்று ஜெர்மனிக்குப் போய் இரண்டு வருஷம் ஆகிறது. மகள் நூரியா பதினேழு வயதில் இலை தழை மட்டும் தின்கிறாள். அந்த அறையில் ஒரு பிள்ளை படுத்திருந்தால்தான் எங்கார்னாவுக்கு அடுப்பைப் பற்றவைக்கவே மனசு வருகிறது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஃபௌஸ்தினோவுக்குச் சொல்லாமலே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பையன் வந்தான். பெயர் ஹார்லன், வயது இருபது, கனடாவின் நட்டநடுவில் ஏதோ ஊர். நிலைப்படியில் தலை இடிக்காமல் இருக்கக் குனிந்தான், இரண்டு கன்னத்திலும் முத்தம் வாங்கிக்கொண்டான், குனிந்தது குனிந்தபடியே பூட்ஸைக் கழற்றினான்.

"ஐயய்யோ, வேணாம் ராசா! போட்டுக்கோ, போட்டுக்கோ!" எங்கார்னா அவன் காலைக் காட்டிக் காட்டிக் கத்தினாள்.

ஹார்லன் தன் காலைப் பார்த்தான். சாக்ஸில் இரண்டு விமானத்தின் அழுக்கு. முகம் சிவந்துபோய், "மன்னித்தருளுங்கள், அம்மையீர்" என்று சாக்ஸையும் கழற்றிவிட்டான்.

அவன் ஸ்பானிய மொழியைப் புத்தகத்தில் படித்தவன். வாயைத் திறந்தால் கோர்ட்டில் தீர்ப்பு வாசிக்கிற மாதிரி இருக்கும். எங்கார்னா கத்துகிற வேகத்தில் அவனுக்குப் பாதிகூடப் புரியாது. அவன் ஊரில் வெளிச்செருப்போடு வீட்டுக்குள் நுழைகிறவன் மரியாதை தெரியாதவன். நியாயமான பழக்கம்தான். ஆனால் நியாயத்தை எங்கார்னாவிடம் போய் யார் பேசுவது?

"அப்பா, அந்தக் காலப் பாத்தீங்களா?" என்றாள் நூரியா. "அதுக்குத் தனியா பாஸ்போர்ட் வாங்கியிருப்பான்."

நாற்பத்தொன்பதாம் நம்பர் கால் அது. ரூபேனின் வீட்டுச் செருப்பு நாற்பத்து மூன்று. திங்கட்கிழமை அதை மாட்டிப் பார்த்ததில் விரல்கள் உள்ளே போயின, குதிகால் மொத்தமும் வெளியே நின்றது. ஃபௌஸ்தினோவின் செருப்பு ஒரு பக்கம் பிய்ந்தே போனது.

செவ்வாய்க்கிழமை எங்கார்னா காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள்போல ஊரிலுள்ள செருப்புக் கடைகளையெல்லாம் ஏறி இறங்கினாள். கடைசிக் கடைக்காரர் நம்பரை இரண்டு தடவை கேட்டார்.

"நாப்பத்தாறுக்கு மேல நான் விக்கிறதில்லம்மா. அதுக்கெல்லாம் நீங்க கடற்கரைப் பக்கம் போவணும். அங்கதான் படகு செய்யிறாங்க."

"வாய்க்கொழுப்புக்கு மட்டும் உங்க கடையில எல்லா சைஸும் இருக்கு" என்று சொல்லிவிட்டு, அவரிடமே கட்டம் போட்ட கம்பளிச் செருப்பு இரண்டு ஜோடி வாங்கிக்கொண்டு வந்தாள். இரண்டையும் பாதியாக வெட்டி, ஒன்றோடு ஒன்றை ஒட்டித் தைத்தால் நாற்பத்தொன்பது வராமலா போகும்?

தைத்து முடியும்வரை சும்மா இருக்க முடியுமா? ஹார்லனின் அறையிலிருந்து குளியலறைக்கும், அங்கிருந்து சமையலறைக்கும் வழிநெடுகத் துணி விரித்தாள். குளியலறை மிதியடி, பழைய கம்பளி, பீரோவுக்குள் இருந்த கிறிஸ்துமஸ் மேஜைவிரிப்பு, எல்லாம் தரைக்கு வந்தன. ஹார்லன் புதன்கிழமை காலையில் கதவைத் திறந்து பார்த்தான். இவ்வளவு சுத்தமான துணியில் கால் வைப்பானா? சுவரோடு ஒட்டிக்கொண்டு, துணியில் விரல்கூடப் படாமல், டைல்ஸ்மீதே பக்கவாட்டில் நடந்து போனான். மேஜைவிரிப்பைத் தாண்டும்போது ஒரு துள்ளு வேறு.

"அவனுக்குப் பைத்தியமா, நமக்குப் பைத்தியமா?" என்றார் ஃபௌஸ்தினோ.

"நமக்குத்தாம்பா" என்றாள் நூரியா. "அவன் சிரிச்ச முகமாத்தான இருக்கான்."

உண்மைதான். பையன் கொழுகொழு என்றிருந்தான். பருப்புச் சூப்பை மூன்று தட்டு குடித்தான். உருளைக்கிழங்கு ஆம்லெட் என்றால் தட்டைக்கூட விட்டுவைக்க மாட்டான்போலத் துடைத்தான். அவன் ஒவ்வொரு வாய் வைக்கும்போதும் எங்கார்னாவின் மனசு குளிர்ந்தது. மேஜைக்கு அடியில் அவன் காலைப் பார்க்கும்போது மறுபடி பற்றி எரிந்தது.

வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் வீடே தூங்கிக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. ஒரு தும்மல். சமையலறைப் பக்கமிருந்து.

எங்கார்னா கட்டிலிலிருந்து குதித்தாள். ஐம்பத்து நாலு வயதுவரை செய்யாத ஒன்றைச் செய்தாள்: செருப்பைத் தேடவில்லை. வெறுங்காலோடு தாழ்வாரத்தில் பன்னிரண்டு அடி ஓடினாள். அவளே விரித்த மேஜைவிரிப்பில் வழுக்கி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஹார்லன் ஜன்னலை விரியத் திறந்துவைத்துக்கொண்டு, அரைக்கைச் சட்டையும் வெறுங்காலுமாக, மிளகாய்ப் பொடி டப்பாவுக்குள் மூக்கை நுழைத்திருந்தான். மூக்கு நுனி சிவப்பாக இருந்தது.

"இதன் நறுமணம் போற்றத்தக்கது, அம்மையீர்" என்றான்.

"உன் நறுமணத்துல இடி விழ! என் உயிரே போச்சுடா ராசா!" எங்கார்னா ஜன்னலைச் சாத்தினாள், அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், ஜில்லென்றிருந்தது, நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மூச்சு அழுதாள். தன் கால் தரையில் இருப்பதை அப்போதுதான் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் அவளுக்குக் காய்ச்சல். தொண்டையில் குரலே இல்லை, காற்றுதான் வந்தது. முகத்தில் மட்டும் தேர்தலில் ஜெயித்த களை.

"பாத்தியா?" என்று ஃபௌஸ்தினோவைப் பார்த்து மூச்சால் பேசினாள். "நான் சொன்னேனா இல்லியா?"

"அவன் அஞ்சு நாளா நடக்கிறான், கல்லுமாதிரி இருக்கான். நீ பன்னெண்டு அடி நடந்துட்டுப் படுத்துட்ட."

"அதத்தான்யா நானும் சொல்றேன்! பன்னெண்டு அடிக்கே எனக்கு இப்பிடின்னா, அஞ்சு நாளுக்கு அவனுக்கு என்ன ஆகும்னு நெனச்சுப் பாரு!"

தான் பிடித்த முயலுக்கு மூன்று கால்தான் என்பவளிடம் ஃபௌஸ்தினோ என்ன பேசுவார்? டீ போடப் போய்விட்டார். ஆனால் மதியத்துக்குள் எங்கார்னாவின் களை இறங்கிவிட்டது. வீட்டில் சீக்கு இருக்கக் கூடாது என்றுதானே பெகோன்யா சொன்னாள்? யாருடைய சீக்கு என்று சொல்லவில்லையே! தையல் கூடையில் ஒரு செருப்பு முடிந்திருந்தது. மற்றது பாதியில் நின்றது. காய்ச்சலில் தையல் கோணிக்கொண்டு போனதால் ஊசியைச் செருப்பிலேயே விட்டு, கூடையை அப்படியே தள்ளிவைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு மணி அடித்தது. எங்கார்னா உதட்டுச் சாயம் பூசிக்கொண்டு, வட்ட மேஜையருகே, கணப்பின் பக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பெகோன்யா ஃபைலும் கையுமாக உள்ளே வந்தாள். அவளுக்குப் பின்னால், தற்செயலாக வந்தவள்போல, கையில் கோழி ரசப் பாத்திரத்தோடு மாரிபெல்.

"நூரியா சொன்னா, நேத்தே டாக்டரக் கூப்பிட்டீங்களாமே" என்றாள் மாரிபெல். "மனசு கேக்கல எனக்கு."

எங்கார்னா நூரியாவை ஒரு பார்வை பார்த்தாள். நூரியா கூரையைப் பார்த்தாள்.

"எப்பிடியிருக்கீங்க எங்கார்னா?" என்றாள் பெகோன்யா.

எங்கார்னா வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. பெகோன்யா ஃபைலை மூடினாள்.

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா பேசினது பேசினதுதான். ஹார்லன், பெட்டியக் கட்டுப்பா."

"வா தம்பி, எங்க வீட்டுல ஒரு கஷ்டமும் இல்ல" என்றாள் மாரிபெல். "தரை முழுக்க மரம். உன் இஷ்டத்துக்கு வெறுங்காலோட நடந்துக்கலாம், ஒருத்தரும் ஒரு வார்த்த கேக்க மாட்டாங்க."

ஹார்லனின் முகம் மலர்ந்ததை எங்கார்னா பார்த்தாள். அவன் எழுந்து உள்ளே போனான். பெட்டியின் ஜிப் சத்தத்துக்காக அவள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். தன் பருப்பைக் குறை சொல்ல முடியாது, ஆம்லெட்டைக் குறை சொல்ல முடியாது, ஆனால் மரத்தரைக்கு அவள் எங்கே போவாள்? 

அவன் வெளியே வந்தபோது கையில் பெட்டி இல்லை. காலில், தையல் கூடையிலிருந்து எடுத்த செருப்பு இருந்தது. ஒன்று முழுதாக, நடுவில் தையல் வடுவோடு. இன்னொன்றின் பின்பாதி கழன்று இழுபட, ஊசி நூலில் தொங்கியபடி டைல்ஸில் டிக் டிக் என்று தட்டிக்கொண்டே வந்தது.

துணி விரித்த பாதையைப் பார்த்தான். இந்த முறை சுற்றிப் போகவில்லை. கிறிஸ்துமஸ் மேஜைவிரிப்பின் நடுவில் ஏறி நின்றான்.

"என் பொருட்டு இவர் பன்னிரண்டு அடி நடந்து நோயுற்றார்" என்றான், புத்தகத்தில் படித்த மொழியில், ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்து. "நான் இரண்டு மாடி ஏறித் தப்பி ஓடுவது முறையன்று. மேலும், என் செருப்பு இன்னும் முடியவில்லை."

 பெகோன்யா அந்தக் காலையும் ஊசியையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஃபைலைத் திறந்து எதையோ எழுதினாள். "மூணு மாசம் கழிச்சு வரேன்" என்றாள். மாரிபெல் ரசப் பாத்திரத்தைத் திரும்ப எடுத்துப்போகலாமா, வேண்டாமா என்று யோசித்தாள். நூரியா அதற்குள் அதை வாங்கி அடுப்பில் வைத்துவிட்டாள்.

பெகோன்யாவும் மாரிபெல்லும் வெளியேற, கதவு சாத்திக்கொண்டது. எங்கார்னாவின் கன்னத்தில் கண்ணீர் வழிந்து உதட்டுச் சாயத்தோடு கலந்தது. ஹார்லனைக் கிட்டே வரச் சொல்லிச் சைகை காட்டினாள். அவன் குனிந்தான். ஏதோ சொல்லப்போகிறாள் என்று ஃபௌஸ்தினோவும் நெருங்கி வந்தார்.

எங்கார்னா அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். அவன் காலைப் பார்த்தாள். இரண்டு நாளாகக் காணாமல் போயிருந்த குரல் எங்கிருந்தோ கீச்சென்று திரும்பி வந்தது.

"சாக்ஸ் எங்கடா?"