ஆறு வருஷம் கழிச்சு ஒரு துட்டி

தீர்ப்பு வந்தது செவ்வாய்க்கிழமை. புதன்கிழமை காலையில் மேலகரம் பஸ் ஸ்டாப்பில் பேனர் ஏறிவிட்டது. நம்ம ஊரில் சாக்கடை அடைத்துக்கொண்டால் எடுக்க மூன்று மாதம் ஆகும். பேனர் வைக்க ஒரு ராத்திரி போதும்.

பன்னிரண்டடி உயரத்தில் சுந்தரபாண்டியன் பட்டாள உடுப்பில் நின்றார். படம் முப்பது வருஷத்துக்கு முந்தியது. அவருடைய ஒற்றைக் குழல் துப்பாக்கி கோர்ட்டில் சீல் வைத்துக் கிடக்கிறது என்பதால், டிசைன் பண்ணியவன் எங்கிருந்தோ ஒரு மெஷின் கன்னைப் பிடுங்கி அவர் கையில் கொடுத்திருந்தான். பின்னால் ஒரு சிங்கம். சிங்கத்துக்கும் பின்னால் குற்றாலம் மெயினருவி. ‘நீதி வென்றது! எங்கள் காவல் தெய்வமே!’ என்று எழுதி, கீழே முப்பது பேர் தலையை வரிசையாக ஒட்டியிருந்தார்கள். செத்துப்போனவன் பெயர் எங்கேயும் இல்லை.

எல்லாம் பிச்சைமணியின் ஏற்பாடு. பஸ் ஸ்டாப் டீக்கடை அவருடையது. சுந்தரபாண்டியனுக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து கூட்டாளி. செத்துப்போன உச்சிமாகாளிக்கும் அதே ஒன்றாம் வகுப்பிலிருந்துதான் கூட்டாளி. மூன்று பேரும் ஒரே பெஞ்சு. அதை இப்போது யாரும் பிச்சைமணிக்கு ஞாபகப்படுத்தவில்லை.

ஆறு வருஷமாகச் சுந்தரபாண்டியன் வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை வைக்கத் தயங்கியவர்களெல்லாம் ஆப்பிளும் சால்வையுமாக வந்தார்கள். ‘தற்காப்புக்காகத்தான் சுட்டார், விடுதலை’ என்று நீதிபதி சொன்னது அவர்கள் வாயில் ‘ஒரே வெடி, ஆள் காலி’ என்று ஆகியிருந்தது. போட்டோ எடுக்க வந்த இளவட்டங்கள் அவர் தோளில் கை போட்டார்கள். அரிவாள் வெட்டு விழுந்த இடது தோள் அது. வலித்தது, அவர் சொல்லவில்லை. யூடியூப் சேனல்காரன் ஒருத்தன் மைக்கை நீட்டி, “அந்த நிமிஷம் என்ன சார் நெனச்சீங்க?” என்றான்.

“தோப்புல மோட்டார் போட்டிருந்தேன். அதை நிறுத்தணும்னு நெனச்சேன்” என்றார் சுந்தரபாண்டியன்.

அதை வெட்டிவிட்டு, சிங்கம் உறுமுகிற சத்தத்தைப் போட்டு வெளியிட்டான். ஒரே நாளில் லட்சம் பேர் பார்த்தார்களாம்.

கொண்டாட்டம் ஒரு பக்கம் என்றால் வசவு இன்னொரு பக்கம். அந்த வசவெல்லாம் போய் விழுந்தது அவர் தலையில் இல்லை, உச்சிமாகாளியின் பெண்சாதி வேல்விழி தலையில். கேஸ் நின்றதும் விழுந்ததும் அவள் சாட்சியில்தான். ‘உங்கள் கணவர் வீட்டை விட்டுப் போகும்போது கையில் என்ன இருந்தது?’ என்று கேட்டதற்கு அவள், ‘அருவா. தடுத்தேன், கேக்கல’ என்று சொன்னாள். கூடக் குறைய ஒரு வார்த்தை சொல்லவில்லை. நடந்ததைச் சொன்ன குற்றத்துக்கு, ‘புருஷனைக் காட்டிக்கொடுத்தவ’ என்று ஊர் அவளுக்குப் பட்டம் கட்டிவிட்டது. மேலகரத்து வீட்டில் இருக்க முடியாமல், குத்துக்கல்வலசையில் ஒரு வாடகை வீட்டுக்குப் போய்விட்டாள். ஒரே மகள் கட்டிக்கொடுத்துக் கோயம்புத்தூரில். இவள் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் சமையல் செய்கிறாள் என்று கேள்வி.

சுந்தரபாண்டியனுக்கு ஆறு வருஷமாக ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. அதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். உச்சிமாகாளிக்குத் துட்டி கேட்க வேண்டும்.

துக்கம் விசாரிப்பதை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம், அதற்கு ஒரு முறை உண்டு. செத்த வீட்டுக்குப் போனால் யாரும் ‘வாங்க’ என்று சொல்ல மாட்டார்கள். போகிற ஆம்பளை இரண்டு கையையும் நீட்ட வேண்டும், அந்த வீட்டு ஆம்பளை அதைத் தொடுவான். கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, எழுந்து, சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட வேண்டும். ‘போயிட்டு வாரேன்’ என்று மட்டும் வாய் தவறியும் சொல்லக் கூடாது. இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று அர்த்தமாகிவிடும். துட்டி கேட்காதவன் அந்த வீட்டு நல்லதுக்கும் போக முடியாது, வாசலில் நின்று ஒரு செம்புத் தண்ணீர் கேட்கவும் முடியாது. அவன் அந்த வீட்டுக்கு யாரோதான். ஜாமீனில் வெளியே வந்தபோது வக்கீல், ‘சாட்சி வீட்டுப் பக்கம் தலை வச்சுப் படுக்காதீங்க’ என்று சொல்லிவிட்டார். இப்போது தடுக்கச் சட்டம் இல்லை.

வெள்ளிக்கிழமை சாரல் பிடித்துக்கொண்டது. வெயிலும் தூறலுமாக, காற்றில் மலை வாசனை. இந்தச் சாரல் வந்தால் உச்சிமாகாளி ஒரு இடத்தில் நிற்க மாட்டான். பத்தாம் வகுப்பு மாசப் பரீட்சை அட்டையோடேயே ஐந்தருவிக்கு ஓடியவன். பனியன், துண்டு, ஒரு பொட்டலம் சீயக்காய், அவ்வளவுதான் அவனுக்கு வேண்டும். சுந்தரபாண்டியனுக்கு அருவியில் தலை கொடுக்கப் பயம். கார்கிலில் குண்டுக்கு நடுவே படுத்துக் கிடந்த மனுஷனுக்கு மேலேயிருந்து விழுகிற தண்ணீர் என்றால் மூச்சு முட்டும். உச்சிமாகாளிதான், ‘ஏலே, பட்டாளம்! நான் பிடிச்சிருக்கேன்லா, வா’ என்று இழுத்து உள்ளே நிறுத்துவான். லீவில் வந்த ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான் குளித்தார். அவன் இல்லாத இந்த ஆறு சாரலிலும் அவர் அருவிப் பக்கமே போகவில்லை.

இவ்வளவு பிரியம் வைத்தவர்தான் சுட்டாரா என்று கேட்பீர்கள். பிரியத்தில்தான் வந்தது வினை. சுந்தரபாண்டியன் தோப்புக்குப் பின்னால் உச்சிமாகாளியின் வயல். முட்டு வலி வந்து சேற்றில் இறங்க முடியாமல் போனதும், அவன் அதைப் பிளாட் போடுகிறவனுக்கு விற்க விலை பேசினான். மூன்று பேரும் நண்டு பிடித்துத் திரிந்த வயல் அது. அதில் கல் நடுவதைச் சுந்தரபாண்டியனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. தோப்பு வழியாகப் போன வண்டிப்பாதையில் கேட் போட்டுப் பூட்டினார். பாதை இல்லாத வயலை எவன் வாங்குவான்? வியாபாரம் முறிந்தது. ‘நீ பழசை நெனச்சுக்கிட்டுத் திரி, எனக்குக் கால் நடக்கல லே’ என்று உச்சிமாகாளி இரண்டு தடவை வந்து கெஞ்சினான். மூன்றாம் தடவை அரிவாளோடு வந்தான். மத்தியானம் மூன்று மணி. முதல் வெட்டு தோளில் விழுந்தது. இரண்டாவதுக்கு ஓங்கியபோது, பன்றி விரட்ட வைத்திருந்த துப்பாக்கி சுந்தரபாண்டியன் கைக்கு எட்டியது.

வெட்டு, சூடு எல்லாம் கோர்ட்டில் அலசினார்கள். கேட்டைப் பூட்டியதைப் பற்றி ஒரு வக்கீலும் பெரிதாகக் கேட்கவில்லை. அது எந்தச் செக்ஷனிலும் வரவில்லை.

சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியவரைப் பார்த்து அவர் மனைவி ஜெயசித்ரா, “எங்க போறிய?” என்றாள்.

“துட்டிக்கு.”

அவளுக்குச் சொல்லாமலே விளங்கிவிட்டது. “வெரட்டி விட்டுட்டாள்னா?”

“வெரட்டட்டும். போகாம இருந்தேன்னு இருக்கக் கூடாது.”

பஸ் ஸ்டாப்பில் டி.வி.எஸ். வண்டியை நிறுத்தி, முதல் தடவையாகப் பேனரை நிமிர்ந்து பார்த்தார். குத்துக்கல்வலசையிலிருந்து குற்றாலம் போகிற பஸ் இந்த வழியாகத்தான் போகிறது. தினமும் போக ஒரு தடவை, வர ஒரு தடவை வேல்விழி இந்தச் சிங்கத்தைப் பார்த்துக்கொண்டு போகிறாள். டீக்கடை ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, கயிற்றைப் பிடித்தார். இடது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை.

“ஏலே, என்னலே பண்ணுத? ஞாயித்துக்கிழமை பாராட்டு விழா வச்சிருக்கு! மண்டபம் பேசியாச்சு!” என்று பிச்சைமணி கரண்டியும் கையுமாக ஓடி வந்தார்.

“விழாவுக்கு வேற ஆளைப் பாரு. மணி, நீ உச்சிக்குத் துட்டி கேட்டியா?”

பிச்சைமணி கரண்டியைத் தாழ்த்தினார். கேட்கவில்லை. எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியாமல் அன்றைக்குக் கடையைப் பூட்டிவிட்டுச் சங்கரன்கோவிலுக்குப் போய்விட்டவர். இப்போது கரண்டியைக் கடைத் திண்ணையில் வைத்தார். பிறகு, “எறங்கு, விழுந்து தொலைக்காத” என்று திட்டிக்கொண்டே தானே ஏறிக் கயிற்றை அறுத்தார். பேனர் சரிந்து இரண்டு பேர் மேலும் விழுந்தது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் செல்போனில் படம் எடுத்தார்கள். ‘காவல் தெய்வத்துக்குக் கிறுக்குப் பிடிச்சிட்டு’ என்று அதற்கும் ஒரு லட்சம் பேர் கிடைத்திருப்பார்கள்.

குத்துக்கல்வலசை வீடு ஒரு சந்துக் கடைசியில் இருந்தது. வேல்விழி அப்போதுதான் வேலை முடிந்து வந்து, கால் கழுவிக்கொண்டிருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. அவரைக் கண்டதும் செம்பு கையில் அப்படியே நின்றது.

“மேலகரத்துல பேனரக் காணுமே. யாரு எடுத்தா?”

“நாந்தான். மணியும்.”

அவள் செம்பைக் கீழே வைத்தாள். “வாங்கன்னு சொல்ல மாட்டேன்.”

“சொல்ல வேண்டாம் தாயி. துட்டிக்குத்தான் வந்திருக்கேன்.”

கதவை விட்டு விலகி நின்றாள். அவர் உள்ளே போய், நடு வீட்டில் நின்று, இரண்டு கையையும் நீட்டினார். இடது கை பாதியில் நின்றது. தொட அந்த வீட்டில் ஆம்பளை இல்லை. ஆறு வருஷமாக இதை நினைத்தவருக்கு இது மட்டும் நினைவில் வரவே இல்லை. நீட்டிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்.

“அந்தக் கைய நான் தொட மாட்டேன்” என்றாள் வேல்விழி.

“சரி தாயி.” கையை மடக்கிக்கொண்டார். “பாதையை அடைச்சது நான். அது என் தப்பு. கோர்ட்டுல யாரும் கேக்கல, அதான் ஒங்கிட்ட சொல்லுதேன்.”

வேல்விழி சுவரைக் காட்டினாள். உச்சிமாகாளி படம் மாலையோடு தொங்கியது. ஐந்தருவியில் எடுத்தது. ஈரத்தலை, ஈறு தெரிகிற சிரிப்பு. படத்தை ஒரு ஓரமாக வெட்டியிருந்தார்கள். ஆனாலும் அவன் தோளில் யாருடைய கையோ இருந்தது. நான்கு விரலும் அழுந்தப் பிடித்திருந்தன. சுந்தரபாண்டியனுக்குத் தன் கை தெரிந்தது. தண்ணீருக்குப் பயந்து பிடித்த பிடி.

“அவரு சிரிச்சு எடுத்தது இது ஒண்ணுதான் இருந்துச்சு” என்றாள் வேல்விழி. “ஒங்கள வெட்டச் சொன்னேன். கைய எடுத்தா தோளு போயிரும்னு ஸ்டுடியோக்காரர் சொல்லிட்டாரு.”

சுந்தரபாண்டியன் தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுதார். பழகிய அத்தனை காலத்தில் ஒரு தடவைகூட அவர் அழுது பார்த்திராத வேல்விழி, தடுக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு எதிரே கதவோரமாக உட்கார்ந்தாள்.

“வாரவங்க போறவங்க எல்லாம் அருவா எடுத்துட்டுப் போன ஆளைத்தான் பேசுதாவ. நானும் கூண்டுல ஏறி அதத்தான் சொன்னேன். அது அஞ்சு நிமிசம். மிச்சம் அம்பது வருசத்த ஒருத்தரும் கேக்கல. நான் கெட்டி வந்தது அவருக்கு இருவத்தாறு வயசுல. அதுக்கு முன்னால எப்படி இருந்தாருன்னு ஒங்களுக்குத்தான் தெரியும்.” சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். “சொல்லுங்க.”

என்னத்தைச் சொல்ல? அவர் வாயில் முதலில் வந்தது ஒரு துட்டிக் கதைதான். மூன்று பேருக்கும் பத்தொன்பது வயசு. டிரில் வாத்தியாரின் அப்பா இறந்ததற்கு ஆய்க்குடிக்குப் போனார்கள். கை நீட்டியாயிற்று, உட்கார்ந்தாயிற்று. எழுந்து வரும்போது உச்சிமாகாளி வாசலில் திரும்பி நின்று, பள்ளிக்கூடப் பழக்கத்தில் சத்தமாக, “சார், போயிட்டு வாரோம்!” என்றான். வீடே திடுக்கிட்டது. சுந்தரபாண்டியன் அவன் தொடையைக் கிள்ளினார். அவன் பதறிப்போய், “இல்ல சார், வரல! இனிமே நாங்க வரவே மாட்டோம் சார்!” என்றான். அப்பாவைப் பறிகொடுத்த மனுஷன், துண்டை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

வேல்விழிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், சிரிப்பு எங்கே அழுகையானது என்று தெரியாமல் அழுதாள். “பாவி மனுஷன், இத எங்கிட்ட சொல்லவே இல்லியே” என்றாள். அப்புறம் அவர் நண்டு வயலைச் சொன்னார், பரீட்சை அட்டையைச் சொன்னார், அருவிக்குள் இழுத்து நிறுத்தியதைச் சொன்னார். வெளியே தூறல் விட்டு வெயில் வந்தது.

சொல்ல வந்ததெல்லாம் தீர்ந்ததும் எழுந்தார். முறைப்படி, ஒரு வார்த்தை பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு சந்தில் இறங்கி நடந்தார். வண்டியைத் தொடும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

“அண்ணாச்சி.”

திரும்பினார். வேல்விழி வாசற்படியில் நின்றாள்.

“அவரா இருந்தா சொல்லிட்டுத்தான் போயிருப்பாரு.”

சுந்தரபாண்டியனுக்கு இரண்டு தடவை முயன்று, மூன்றாவது தடவை குரல் வந்தது.

“போயிட்டு வாரேன், தாயி.”

“வாங்க” என்றாள் வேல்விழி.