வெள்ளிக்கிழமை மதியம் யாசரின் கணக்கு

துளசிராமனுக்கு யாசர் மேல் சந்தேகம் விழுந்துவிட்டது. இனி அந்தப் பையன் தும்மினாலும் குற்றம்தான்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் கம்பெனி அது. அதன் சர்வர் துளசிராமன் பொறுப்பு. சர்வருக்குள் துறைக்கு ஓர் அறை என்று தடுத்து வைத்திருந்தான். ஓர் அறையில் இருப்பவர் அடுத்த அறையை எட்டிப் பார்க்க முடியாது. அறைக்குள் ஆளுக்கொரு ஹோம் டைரக்டரி. லேப் பையன்கள் அதை வீடு என்ற கணக்கில் 'ஊடு' என்பார்கள். அவரவர் ஊட்டுக்கு அவரவர் பாஸ்வேர்டு. எல்லா ஊட்டுக்கும் சாவி துளசிராமனிடம். பாஸ்வேர்டை இன்னொருவருக்குக் கொடுத்தால் வேலை போய்விடும் என்று நோட்டீஸ் ஒட்டியவனும் அவன்தான்.

யாசர் லேபில் உலோகக் கலவையைச் சோதிப்பவன். வெள்ளிக்கிழமை மதியம் கேட்டைத் தாண்டி வெளியே போவான். அதே நேரத்தில் அவன் ஊட்டில் புதுப் புது பைல்கள் முளைக்கும். ஆள் வெளியே, வேலை உள்ளேயா? புதுவாயல் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்துகொண்டு கலவை விவரத்தை எவனுக்கோ விற்கிறான் என்று துளசிராமன் முடிவே கட்டிவிட்டான். எந்த மெஷினிலிருந்து வருகிறது என்று பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. பார்க்கத்தான் மனசு வரவில்லை. சந்தேகம் அத்தனை ருசியாக இருந்தது. தினமும் அந்த ஊட்டுக்குள் புகுந்து ஒன்றுவிடாமல் படித்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை மேனேஜர் வீரராகவனிடம் போட்டும் கொடுத்துவிட்டான்.

"மதியம் வெளிய போயிட்டுத் திரும்பி வரட்டும், கேட்லயே புடிச்சு வைக்கச் சொல்றேன். போலீஸுக்கும் சொல்லிடலாம்" என்றார் அவர்.

மதியம் யாசரின் கணக்கு உயிர்பெற்றதும், அவன் மெஷினைக் கைப்பற்றி வைக்க லேபுக்கு ஓடினான் துளசிராமன். யாசரின் நாற்காலியில், லேபில் அவனோடு வேலை பார்க்கும் எட்வர்ட் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தான்.

"நீ இன்னாடா பண்றே இங்க?"

எட்வர்ட் நாற்காலியை விட்டு எழுந்தான். "அவன் ஜும்மா தொழுகைக்குப் போய்க்கீறாண்ணே. உலை நிக்காது இல்ல? அவன் டெஸ்ட்ட நான் போட்டு அவன் ஊட்ல ஏத்திடுவேன். ஞாயித்துக்கிழம நான் சர்ச்சுக்குப் போனா அவன் எனக்குப் போடுவான். வெளிய சொல்லிடாதண்ணே, ரெண்டு பேர் வேலையும் பூடும்."

துளசிராமன் கேட்டுக்கு ஓடினான்.

அங்கே யாசரின் பையைக் கவிழ்த்துக் கொட்டியிருந்தார்கள். தொப்பி, டிபன் பாக்ஸ், சீப்பு எல்லாம் மேசைமேல். வீரராகவன் கேட்டதற்கெல்லாம் யாசர் வாய் திறக்கவில்லை. திறந்தால் எட்வர்ட் மாட்டுவான்.

"சார், தப்பு என்னுது" என்று மூச்சிரைத்தான் துளசிராமன். "வெள்ளிக்கிழமைல லேப் ஆளுங்க பைல்களயெல்லாம் நான்தான் வேற டிஸ்க்குக்கு மாத்தினேன். அத யாசர் பண்ணதுன்னு நெனச்சுட்டேன்."

தன் சர்வரைப் பற்றி அவன் சொன்ன முதல் பொய் அது.

"உன்ன நம்பி ஒரு பையன கேட்ல நிக்க வெச்சேனே, வெக்கமா இல்ல உனக்கு?" காறித் துப்பாத குறையாகத் திட்டிவிட்டுப் போனார் வீரராகவன்.

யாசர் தொப்பியைத் தட்டி மடித்தான். துளசிராமன் ஒரு நன்றியை எதிர்பார்த்து நின்றான், வெட்கங்கெட்டவன்.

"எட்வர்ட காப்பாத்திட்டீங்கண்ணே. அது சரி, எத்தினி நாளா என் ஊட்டுக்குள்ள பூந்து பாத்துக்கினு கீறீங்க?"

துளசிராமன் மேசைமேல் கிடந்த சீப்பை எடுத்து அவனிடம் நீட்டினான்.

"எங்க ஹுமைரா நிக்காஹ் பத்திரிகைய அதுலதான் அடிச்சு வெச்சிருந்தேன். அதையும் படிச்சீங்களா?"

யாசர் தங்கையின் கல்யாணத் தேதி, மண்டபம், மாப்பிள்ளை ஊர் எல்லாம் துளசிராமனுக்கு மனப்பாடம்.

"மொத பத்திரிகை உங்களுக்குத்தான் குடுக்கணும்னு இருந்தேண்ணே" என்றான் யாசர். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு லேபுக்கு நடந்தான்.